கல்லில் அழிந்த ஓர் எண்: யார்க்‌ஷயர் பண்ணை வீட்டின் வயதை அதன் சுவரிலேயே படிப்பது எப்படி

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு கல் இருக்கிறது. அதில் 1, 6 என்று இரண்டு எண்கள், அப்புறம் ஒரு பள்ளம், அப்புறம் 8. மூன்றாவது எண்ணை மழையும் உறைபனியும் தின்றுவிட்டன. வீட்டை விற்றவர் 1638 என்று உறுதியாகச் சொன்னார். பக்கத்துப் பண்ணைப் பெரியவர், 1688 என்று தன் அப்பா சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். நடுவே ஐம்பது ஆண்டு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் முழுவதும் அந்த இடைவெளிக்குள் வந்துவிடும்.

நான் லீட்ஸில் கட்டடப் பொறியாளர். பதினொரு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு கிரேவன் பகுதியில், யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளின் தென் ஓரத்தில், இந்தக் கல் வீட்டில் இருக்கிறேன். அந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுச் சனிக்கிழமைகள் போயின. அதற்குள் வீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இதே போன்ற வீட்டை வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில எனக்குத் தெரியும். வாங்கிய முதல் மாதமே பூச்சைத் தட்டி, சுவரைக் கழுவி, தரையை மாற்ற ஆள் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். இந்த வீடுகளில் கோணலாக, அடைபட்டு, ஒட்டுப்போட்டு இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தகவல். கையை வைப்பதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

பெரிய கருவிகள் வேண்டாம். பத்து மீட்டர் டேப், நல்ல டார்ச், ரசமட்டம், கட்டம்போட்ட நோட்டு, சாதாரண பைனாகுலர். போதும்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள்

வீட்டை விட்டு வெளியே வந்து, எதிர் மேட்டில் ஏறி, முழு உருவமும் கண்ணில் படும்படி நில்லுங்கள். குளிர்காலக் காலைதான் இதற்கு நல்ல நேரம். சூரியன் தாழ்வாக வரும்போது வெயில் சுவரோடு உரசிப் போகும். நடுப்பகலில் தட்டையாகத் தெரிகிற சுவரில் அப்போது ஒவ்வொரு கல்லும் நிழலோடு நிற்கும்.

வீடு மட்டும் தனியாக இருக்கிறதா, தொழுவமும் அதோடு ஒட்டி ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வடக்கு இங்கிலாந்தின் பழைய நீள்வீடுகளில் மனிதர்கள் ஒரு பக்கம், மாடுகள் மறுபக்கம். நடுவே முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரு நடை ஓடும். மாட்டுப் பக்கம் எப்போதும் சரிவின் கீழ்முனையில் இருக்கும், கழிவுநீர் வீட்டுக்குள் வராமல் இறங்கிப் போக. உங்கள் வீடு சரிவோடு நீளவாக்கில் படுத்திருந்து, கீழ்முனை அறையில் மட்டும் ஜன்னல்கள் வேறு மாதிரி இருந்தால், அது ஒரு காலத்தில் தொழுவமாக இருந்திருக்கலாம்.

யார்க்‌ஷயரின் பழைய மேற்குப் பிரிவான வெஸ்ட் ரைடிங்கின் மலைப்பகுதியில் இன்னொரு வகை உண்டு. வீடும் களஞ்சியமும் ஒட்டித்தான் இருக்கும், ஆனால் உள்ளே வழி இருக்காது. லெய்த் வீடு என்பார்கள். களஞ்சியத்துக்கு இங்கே லெய்த் என்று பெயர். ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழிச் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்குகளில் வந்து குடியேறியவர்கள் விட்டுப்போனது. வண்டி நுழைகிற அளவுக்குப் பெரிய வளைவு வாசல் இருந்தால் அது லெய்த் பக்கம்.

முன்பக்கம் பெரும்பாலும் தெற்குப் பார்த்து இருக்கும். வடக்கே கூரை நீண்டு தாழ்ந்து ஒரு சாய்ப்பாக இறங்கினால், அதற்குள் பால் அறை இருந்திருக்கும். வெயில் படாத பக்கம், குளிர்ந்த கல் மேடைகள், வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் ஏற்ற இடம். எங்கள் வீட்டில் அந்த அறைதான் இப்போது துணி துவைக்கும் அறை. கல் மேடையை அப்படியே வைத்திருக்கிறோம்.

சுவரில் தையலைத் தேடுங்கள்

இப்போது கிட்டே வாருங்கள். கிரேவன் பகுதியில் கையருகே கிடைப்பது வெளிர் சாம்பல் சுண்ணாம்புக்கல். அது உளிக்கு எளிதில் வளையாது, தாறுமாறாக உடையும். அதனால் சுவரை அந்தக் கல்லால் எழுப்பி, மூலைக்கல், நிலைக்கல், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் பழுப்பு நிற மணற்கல்லில் செதுக்கி வைத்தார்கள். மில்ஸ்டோன் கிரிட் என்கிற அந்தச் சொரசொரப்பான கல் மாவரைக்கும் திரிகைக்கும் பயன்பட்டது. பெயரே அதிலிருந்துதான் வந்தது. இந்த இரு நிறக் கலப்பைத் தெரிந்துகொண்டால் ஒரு நன்மை: பழுப்புக் கல் எதிர்பாராத இடத்தில் சிக்கினால், அங்கே முன்பு ஒரு கதவோ ஜன்னலோ மூலையோ இருந்திருக்கிறது என்று உடனே பிடிபடும்.

சுவர் ஒரே திண்மையான கட்டு இல்லை. வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். மொத்தம் அரை மீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும். இரண்டு தோல்களும் பிரிந்து வயிறு தள்ளாமல் இருக்க, ஆங்காங்கே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே படுக்க வைத்து இரண்டையும் கட்டியிருப்பார்கள். களஞ்சியச் சுவர்களில் அந்தக் கல்லின் நுனி வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வீட்டுச் சுவரில் அழகுக்காக நுனியை வெட்டிவிடுவார்கள்.

தேட வேண்டிய முக்கியமான அடையாளம் நேர்த் தையல். நல்ல கொத்தனார் கல்லைக் கல்லோடு மாற்றி மாற்றிப் பூட்டித்தான் கட்டுவார். செங்குத்தான இணைப்பு மேலிருந்து கீழ் வரை ஒரே கோட்டில் வராது. அப்படி ஒரு கோடு வந்தால், ஒரு பக்கம் முதலில் கட்டப்பட்டு, மறுபக்கம் பிறகு ஒட்டவைக்கப்பட்டது என்று பொருள். எது முந்தியது? மூலைக்கற்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம். புதிதாக ஒட்டவைப்பவர் பழைய மூலையை உடைக்க மாட்டார், அதன்மேல் சாய்த்துக் கட்டுவார்.

எங்கள் வீட்டின் முன்சுவரில், வாசலுக்கு மேற்கே இரண்டு எட்டு வைத்தால் அந்தத் தையல் வருகிறது. ஒன்பது மூலைக்கற்கள், ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, மாறி மாறிச் சுவரின் நடுவே புதைந்து நிற்கின்றன. அவை மேற்குப் பக்கத்தைச் சேர்ந்தவை. அதாவது அடுப்படி இருக்கும் மேற்குப் பகுதிதான் பழையது. ஆண்டுக்கல் இருக்கிற வாசலும் பெரிய அறையும் பிறகு வந்தவை. எட்டு மாதம் தினமும் அந்த வழியாகப் போய் வந்தும் என் கண்ணில் படவில்லை. ஒரு ஜனவரிக் காலை வெயிலில்தான் அது தானாகத் தெரிந்தது. அன்றிலிருந்து "இந்த வீடு எந்த ஆண்டு கட்டியது" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். எந்தப் பகுதி எப்போது என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மூலைக்கற்களும் ஜன்னல் சட்டங்களும் சுவரைவிட இரண்டு விரல் முன்னால் துருத்தி இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், நடுச்சுவருக்கு ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பூச்சு இருந்திருக்கிறது; பூச்சின் முகம் அந்தக் கற்களோடு சமமாக வந்து நின்றிருக்கும். இறவானத்துக்குக் கீழே, மழை படாத இடத்தில், வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருக்கும். கல்லை வெறுமனே காட்டுவதுதான் பழமை என்று நினைத்துப் பலர் பூச்சை உரித்துவிடுகிறார்கள். அந்தப் பூச்சு சுவருக்கு மழைச்சட்டை.

கூரை

கூரையைத் தரையில் நின்றே பைனாகுலரில் பாருங்கள். டேல்ஸ் கூரைகளில் கிடப்பது தகடு தகடாகப் பிளந்த மணற்கல். இறவானத்தில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை, முகட்டருகே கையகலம்தான். பெரிய கல்லின் பாரம் சுவரின்மேல் இறங்கட்டும் என்பதும் ஒரு காரணம், உடைக்கும்போது கிடைக்கிற எல்லா அளவையும் வீணாக்காமல் பயன்படுத்துவது இன்னொன்று. சதுர மீட்டருக்கு நூறு கிலோ அளவில் பாரம் வரும். அதனால் சாய்வு குறைவு, முப்பது டிகிரி ஒட்டி. ஓக் ஆப்பில் தொங்கவிட்டு, இடுக்குகளில் பாசியைத் திணித்துக் காற்றை அடைப்பார்கள்.

வைக்கோலோ ஹெதர் செடியோ வேய்ந்த கூரைக்கு இந்தச் சாய்வு போதாது. தண்ணீர் நிற்காமல் ஓட அது செங்குத்தாக இருக்க வேண்டும். ஆகவே முக்கோணப் பக்கச்சுவரில் இப்போதைய கூரைக்கோட்டை விடச் செங்குத்தான இன்னொரு கோடு தெரிந்தால், வீடு முன்பு வேய்ந்த வீடு. புகைபோக்கியின் அடியிலும் பாருங்கள். கூரையிலிருந்து ஒரு சாண் மேலே கல் விளிம்பு ஒன்று காரணமே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். தடித்த வேய்ச்சல் முன்பு அதுவரை எட்டியது. இடுக்கில் மழை இறங்காமல் காத்தது அந்த விளிம்பு. எங்கள் மேற்குப் புகைபோக்கியில் அது இருக்கிறது, கிழக்கில் இல்லை. தையல் சொன்னதையே இதுவும் சொல்கிறது.

ஜன்னலும் வாசலும்

இங்கே நிதானமாக இருங்கள். தேதி சொல்வதில் ஜன்னலுக்கு இணை இல்லை.

17ஆம் நூற்றாண்டு ஜன்னல் உயரம் குறைவாக, அகலமாக இருக்கும். நடுவில் கல் கம்பங்கள் நின்று அதை மூன்றாகவோ நான்காகவோ பிரிக்கும். முல்லியன் என்பார்கள். அந்தக் கம்பத்தின் குறுக்குவெட்டைத் தொட்டுப் பாருங்கள், கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். விளிம்புகள் இரு பக்கமும் சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தால் அது 17ஆம் நூற்றாண்டு முறை. முகம் தட்டையாக, வெறும் சதுரக் கம்பமாக இருந்தால் 18ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டோம். அப்புறம் கம்பங்களே போய், உயரமான மேல்கீழ் நகரும் சாஷ் ஜன்னல் வரும். யார்க்‌ஷயரில் பக்கவாட்டில் நகரும் சாஷும் உண்டு. தாழ்ந்த கூரைக்கு அது வசதி.

ஜன்னலுக்கு மேலே புருவம் போல ஒரு கல் விளிம்பு, இரு முனையிலும் கீழே மடங்கி இருந்தால், அது மழையை ஒதுக்கும் ஹூட் மோல்ட். கீழே ஜன்னல் திண்டில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால், இரும்புக் கம்பிகள் நின்ற இடம்.

அடைபட்ட ஜன்னல் எதைக் கண்டாலும் "ஜன்னல் வரி" என்று சொல்லிவிடுவது வழக்கம். வரி இருந்தது உண்மைதான், 1696 முதல் 1851 வரை. அதற்காக அடைத்தவர்களும் உண்டு. பால் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் விலக்கு கிடைத்த காலத்தில், கதவுக்கு மேல் அந்த அறையின் பெயரை எழுதி வைத்தார்கள். சில பண்ணைகளில் அந்த எழுத்து இன்றும் மங்கலாகத் தெரியும். ஆனால் அடைப்புக்கு வேறு காரணங்களும் நிறைய. உள்ளே படிக்கட்டு இடம் மாறியிருக்கும், அடுப்பு சுருங்கியிருக்கும். அடைபட்ட ஜன்னலுக்கு நேர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வாசலுக்கு வருவோம். டேல்ஸில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாசல் மேல்கல்லை அலங்கரிப்பதில் ஒரு பெருமை இருந்தது. வளைவுகள், சுருள்கள், நடுவே ஆண்டும் எழுத்துகளும். பொதுவாக மூன்று எழுத்து. மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. அந்தக் காலத்தில் ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே எழுத்தைச் செதுக்கினார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஐ என்று இருந்தால் ஜான், ஜேம்ஸ், ஜேன் யாராகவும் இருக்கலாம். 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ஆண்டுக்கல்லை உடனே நம்பிவிடக் கூடாது. அது திருமண ஆண்டாக இருக்கலாம், வாசல் மட்டும் மாற்றிய ஆண்டாக இருக்கலாம், வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்லாகவும் இருக்கலாம். கல்லின் இரு முனைகளையும் பாருங்கள். அலங்காரச் சட்டம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அது இடம் மாறி வந்த கல். எங்களுடையது இரு முனையும் முழுதாக, அடியிலுள்ள நிலைக்கல்லோடு ஒரே செதுக்கலில் பொருந்தி இருக்கிறது.

அழிந்த எண்ணைப் படிப்பதற்கு இரவுதான் நல்லது. நன்றாக இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து, நான்கு படம் எடுங்கள். கல்லைத் தேய்க்கவோ கரியால் பூசவோ வேண்டாம், மிச்சமிருப்பதும் உதிரும். என் மனைவி டார்ச்சைப் பிடிக்க, நான் ஏணியில் நின்று எடுத்த படங்களில், கீழிருந்து வெளிச்சம் விட்டதில் மட்டும் ஒன்று தெரிந்தது. பள்ளத்தின் அடிப்பாகத்தில் இடப்பக்கமும் மூடிய ஒரு வட்டம். 3க்கும் 5க்கும் இடப்பக்கம் திறந்திருக்கும். மூடியிருந்தால் 6 அல்லது 8. விற்றவர் சொன்ன 1638 அன்றோடு போயிற்று. 1668ஆ, 1688ஆ?

வாசலை விட்டு நகர்வதற்கு முன், நிலையின் உட்பக்கச் சுவரில் கையை விட்டுப் பாருங்கள். சதுரத் துளை ஒன்று ஆழமாகப் போகும். இரவில் கதவுக்குக் குறுக்கே போடும் மரக்கட்டையைப் பகலில் அதற்குள் தள்ளி வைப்பார்கள். எங்கள் துளைக்குள் என் கை தோள்பட்டை வரை போகிறது. அந்தத் துளை சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது, பிறகு குடைந்ததில்லை. வாசல் அதே இடத்தில் பிறந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கணப்பைச் சுற்றி

உள்ளே வந்ததும் நேராகக் கணப்பிடம் போங்கள். இந்த வீடுகளில் எல்லாமே அதைச் சுற்றித்தான் அமைந்தது. சமைத்து, உண்டு, உட்கார்ந்த பெரிய அறைக்கு யார்க்‌ஷயரில் ஹவுஸ்பாடி என்று பெயர். அதை ஒட்டிய சிறிய அறை பார்லர். 17ஆம் நூற்றாண்டில் வீட்டுத் தலைவர் படுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நாம் இன்று பார்க்கும் சிறிய கணப்பு மிகவும் பிந்தியது. அதற்கு முன் இருந்தது ஒரு அறைக்குள் இன்னொரு அறை என்று சொல்லலாம். பக்கச்சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, அறையின் குறுக்கே ஒரு பெரிய ஓக் உத்தரம். அதன்மேல் மரச்சட்டமும் பூச்சுமாக ஒரு கூம்பு எழுந்து புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும். உத்தரத்துக்கு அடியில் நுழைந்தால் நெருப்பருகே பெஞ்சு போட்டு உட்காரலாம். கதவு திறந்தால் காற்று நெருப்பில் மோதாமலிருக்க, பக்கத்தில் ஹெக் என்ற குட்டைச் சுவர். வெளிச்சத்துக்கு அந்தச் சிறு இடத்துக்கென்றே ஒரு குட்டி ஜன்னல்.

இப்போது அந்தக் கூம்பு இருக்காது. ஆனால் தடயங்கள் இருக்கும். அறைக்குக் குறுக்கே காரணமில்லாமல் ஒரு தடித்த உத்தரம் ஓடுகிறதா? முன்சுவரில், பக்கச்சுவர் மூலைக்குக் கிட்டே, ஒரு சிறு ஜன்னல் அடைபட்டு இருக்கிறதா? மாடித் தரையில் அந்த இடத்தில் மட்டும் பலகைகள் வேறு காலத்தவையா? மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுப்பின் சுவரில் பலகைக் கதவு போட்ட ஒரு மாடம் இருந்தால் அது உப்புக்கும் மசாலாவுக்கும். ஈரமான நாட்டில் உப்பு கசியாமல் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

இதை நேரில் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் வீட்டை எளிதில் புரிந்துகொள்வீர்கள். நார்த் யார்க் மூர்ஸில் ஹட்டன்-லெ-ஹோல் என்ற ஊரில் ரைடேல் நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பண்ணை வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். கணப்பு உத்தரத்தைத் தாங்கும் ஓக் தூணில் பெருக்கல் குறி செதுக்கியிருப்பதை அங்கே காணலாம். விட்ச் போஸ்ட், அதாவது சூனியக்காரித் தூண், என்று பெயர். லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போனால் ட்ரவுட்பெக்கில் டவுன்எண்ட். பிரவுன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பண்ணை வீடு, இப்போது பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம். செட்டில் ஊரில் ‘ஃபாலி’ என்று ஒரு வீடு இருக்கிறது. அது பண்ணை வீடு அல்ல, 1679இல் ஒரு வழக்கறிஞருக்காகக் கட்டியது. ஆனால் இந்தப் பகுதிக் கொத்தனார்கள் காசு கிடைத்தால் எந்த அளவுக்குப் போவார்கள் என்று பார்க்க அதுதான் இடம்.

ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் குடிவந்த முதல் கோடையில், கணப்பு உத்தரத்தில் கருப்பாக ஏதோ படிந்திருக்கிறது என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஓரடி நீளம் சுத்தமாகிவிட்டது. அப்புறம்தான் பக்கத்தில் மிச்சமிருந்ததை உற்றுப் பார்த்தேன். கண்ணீர்த்துளி வடிவில், கட்டைவிரல் நீளத்தில், ஐந்து தீத்தழும்புகள். அடி உருண்டு, நுனி கூர்ந்து, எல்லாம் மேல்நோக்கி. நடுவில் கரி ஆழமாக இறங்கியிருந்தது. தவறிப்போய் மெழுகுவர்த்தி பட்டால் இப்படி ஆகாது. திரியைச் சாய்த்துப் பிடித்து நேரம் எடுத்துச் சுட்டால்தான் இந்த வடிவம் வரும். வீட்டைத் தீயிலிருந்தும் தீமையிலிருந்தும் காக்க வேண்டிச் செய்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூவும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரட்டை வி எழுத்தும் இதே வகைதான். 2016இல், வரலாற்றுக் கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் இந்த மாதிரிக் குறிகளைத் தேடித் தெரிவிக்கும்படி பொதுமக்களையே கேட்டுக்கொண்டது. என் பிரஷ் எத்தனை தழும்புகளை அழித்தது என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. நெருப்பருகே உள்ள மரத்தையும் கல்லையும் சாய்வெளிச்சத்தில் பார்த்துப் படமெடுக்காமல் தொடாதீர்கள்.

பரணுக்குப் போக வழி இருந்தால், கூரை மரங்களில் தச்சர் வெட்டிய ரோம எண்களைப் பாருங்கள். தரையில் வைத்துப் பொருத்தி, எண் போட்டு, பிரித்து மேலே ஏற்றியிருப்பார்கள். எண்கள் வரிசையாக இருந்தால் கூரை கலையாதது. குழம்பியிருந்தால் மரங்கள் வேறெங்கோ இருந்து வந்தவை. ஓக் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணித் தேதி சொல்லும் முறையும் உண்டு. மரத்தின் வெளித்தோல் ஓரம் மிச்சமிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஐம்பது வளையங்களாவது இல்லாத மரத்தில் வேலைக்கு ஆகாது. பரணில் வௌவால் இருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைக் கலைக்கும் எந்த வேலையும் செய்யக் கூடாது.

காகிதங்கள்

சுவர் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகுதான் காகிதம். முதலில் காகிதத்தைப் படித்தால் சுவரில் அதையே தேடுவோம்.

1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் அடுப்பு வரி இருந்தது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். ஊர் ஊராகக் குடும்பத் தலைவர் பெயரும் கணப்பு எண்ணிக்கையும் எழுதிய பட்டியல்கள் பல தப்பியிருக்கின்றன. வெஸ்ட் ரைடிங்குக்கு 1672ஆம் ஆண்டுப் பட்டியல் அச்சிலேயே கிடைக்கிறது. வெஸ்ட் ரைடிங் சொத்துப் பத்திரப் பதிவகம் 1704இலேயே வேக்ஃபீல்டில் தொடங்கிவிட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். தேவாலயத்துக்குக் கொடுத்த தைத் என்ற தசமபாகம் பற்றிய 1836 சட்டத்துக்குப் பிறகு வந்த தைத் வரைபடங்களில் கட்டடத்தின் உருவமே இருக்கும். பட்டியலிட்ட கட்டடமாக, அதாவது காக்க வேண்டியது என்று சட்டப்படி பட்டியலில் சேர்த்த கட்டடமாக, இருந்தால் தேசியப் பட்டியலில் குறிப்பு இருக்கும். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், வெளியே நின்று பார்த்து மட்டும் எழுதியவை பல.

எங்கள் விடை கடைசியில் தேவாலயத் திருமணப் பதிவேட்டில் கிடைத்தது. கல்லிலுள்ள மூன்று எழுத்துக்கும் பொருந்தும் ஒரு ஜோடி 1667 கோடையில் திருமணம் செய்திருக்கிறது. 1672 அடுப்புப் பட்டியலில் அதே கணவர் பெயருக்கு நேரே இரண்டு கணப்பு. 1680களின் தொடக்கத்திலேயே மனைவியின் அடக்கம். இறந்துபோனவரின் எழுத்தை 1688இல் வாசலில் செதுக்கியிருக்க மாட்டார்கள். ஆக 1668. புதிதாகத் திருமணமான இருவர், வேய்ந்த கூரையுடன் நின்ற பழைய மேற்கு வீட்டோடு ஒட்டி, ஒரு கல் வாசலும் பெரிய அறையும் கட்டியிருக்கிறார்கள். ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் எழுதிய கட்டுரையில், கிராமப்புற இங்கிலாந்து 1570க்கும் 1640க்கும் இடையே தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டது என்றார். வடக்கே அந்த அலை தாமதமாக வந்தது. எங்கள் வாசல் அந்தத் தாமதத்தில் சரியாக உட்காருகிறது.

படித்தாயிற்று, இனி பழுது பார்ப்பது

கல் வீட்டுக்குப் பெரிய எதிரி சிமெண்ட். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் லீட்ஸ்காரர்தான். நானும் அந்தச் சிமெண்டை நம்பித்தான் பிழைக்கிறேன். ஆனால் இந்தச் சுவருக்கு அது ஆகாது. இந்தச் சுவர் நனையும், காயும். ஈரம் வெளியேறும் வழி கல் இல்லை, கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து. அதைச் சுரண்டிவிட்டு அந்த இடுக்குகளைச் சிமெண்டால் நிரப்பினால், அதாவது சிமெண்ட் பாயிண்டிங் செய்தால், ஈரம் கல் வழியே வெளிவரப் பார்க்கும். உறைபனியில் அந்த நீர் உறைந்து விரியும், கல்லின் முகம் தகடு தகடாகப் பொரிந்து விழும். எங்களுக்கு முன் இருந்தவர்கள் அமர்த்திய ஒரு கட்டுமானக்காரர் தெற்குச் சுவரை அப்படித்தான் செய்துவிட்டுப் போனார். கற்கள் குழிந்து, சிமெண்ட் மட்டும் வலை போலத் துருத்தி நின்றது. உள்ளே ஓதம் இடுப்பளவு ஏறியிருந்தது.

ஓதத்துக்கு ஊசி மருந்து போடலாம், சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தலாம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா பாருங்கள். நூறு ஆண்டு மண்ணும் சாணமும் சேர்ந்து பெரும்பாலும் உயர்ந்திருக்கும், வெட்டி இறக்குங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் மட்டும் போய்விடாதீர்கள்.

அப்புறம் பாயிண்டிங். உங்கள் வீடு பட்டியலில் இருந்தால் முதலில் உள்ளாட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள். டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா ஆணையம்தான் அனுமதி தருவது. பட்டியலிட்ட கட்டடத்துக்கான அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அனுமதி இல்லாமல் தன்மை மாறும்படி வேலை செய்தால் அது குற்றம்.

சிமெண்டை உளியால், கையால் எடுங்கள். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும், போனது போனதுதான். இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம், குறைந்தது ஓர் அங்குலம். தூசியைப் போக்கி, தண்ணீர் தெளித்துச் சுவரை நனையுங்கள். நான் பயன்படுத்துவது தண்ணீர் பட்டு இறுகும் இயற்கை நீர்ச் சுண்ணாம்பு (NHL), 3.5 தரம், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சொரசொரப்பான மணல். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுண்ணாம்பில் கை வைக்காதீர்கள். கரணையால் ஆழத்திலிருந்து அழுத்தி நிரப்பி, கொஞ்சம் இறுகியதும் முரட்டு பிரஷ்ஷால் குத்திக் குத்தி முகத்தைச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பாகத் தேய்த்தால் ஈரம் வெளிவருவது குறையும். கல்லின் முகத்துக்கு மேலே சாந்து ஏறக் கூடாது.

ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நான்கைந்து நாள் மெதுவாகக் காயவிடுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் தொடவே வேண்டாம். நாங்கள் மே முதல் செப்டம்பர் வரை மட்டும், ஆண்டுக்கு ஒரு சுவர் என்று செய்கிறோம். தெற்குச் சுவர் முடிந்து இரண்டாவது குளிர்காலத்தில் உள்ளே ஓதக்கோடு முழங்காலுக்கு இறங்கியது. இந்த ஆண்டு மேற்குச் சுவர். தெற்கு முன்சுவரில் அந்த ஒன்பது மூலைக்கற்களை ஒட்டிய தையலைச் சாந்தால் பூசி மறைக்காமல், கோடு தெரியும்படி விட்டுவிட்டேன்.